மார்ஸ் லைட், டிச் லைட், ஃப்ளாஷர்: எஞ்சின் எச்சரிக்கை விளக்குகளில் எது யாருக்கு?

கேள்வி: இருப்புப்பாதை87

வணக்கம். எச்.ஓ. அளவில் (உண்மையில் 87இல் ஒரு பங்கு) இரண்டு அமெரிக்க மாதிரி எஞ்சின்களுக்கு விளக்குப் பொருத்த வேண்டும். ஒன்று 1940களின் பிற்பகுதியில் வந்த இ.எம்.டி. நிறுவனத்தின் இ7 பயணிகள் டீசல். மற்றொன்று 2000க்குப் பிந்தைய சரக்கு எஞ்சின். டிகோடரின் (மாதிரி எஞ்சினுக்குள் விளக்குகளை இயக்கும் சிறு மின்சுற்று) பட்டியலில் மார்ஸ் லைட், ஜைராலைட், சுழல்விளக்கு, ஸ்ட்ரோப், டிச் லைட் என்று வரிசையாக இருக்கிறது. எதை எதற்குக் கொடுப்பது என்று தெளிவாகவில்லை.

இ7 மூக்கில் மேலும் கீழுமாக இரண்டு பெரிய விளக்குகள் உள்ளன. இவற்றில் அசைவது எது? மூக்கின் இருபக்கமும் உள்ள சிறு விளக்குகள் எதற்கு? சில படங்களில் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிகிறது. அது லெவல் கிராசிங்கில் வருபவர்களுக்கான எச்சரிக்கையா, அல்லது நம் எஞ்சின்களில் உள்ள ஆம்பர் ஃப்ளாஷர் போன்றதா? புதிய எஞ்சினில் டிச் லைட்டுகளை எவ்வளவு இடைவெளியில், எந்த உயரத்தில் வைக்க வேண்டும்? எப்போதும் மாறி மாறி மின்ன வேண்டுமா?

பதில் 1: கரிப்புகை

விளக்கின் பெயரை விட, அது யார் கண்ணில் பட வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். சாலையில் வருபவர் கண்ணில் பட வேண்டிய விளக்கு ஒரு வகை. பக்கத்துப் பாதையில் வரும் வேறொரு ரயிலின் ஓட்டுநருக்கான விளக்கு இன்னொரு வகை. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் குழப்பம் தீராது.

ஆரம்பத்தில் இரண்டு வேலையையும் ஒரே வெளிச்சம்தான் செய்தது. 1830களின் தொடக்கத்தில் தென் கரோலினா ரயில்பாதையில் ஹொராஷியோ ஆலன் இரவில் வண்டி ஓட்டுவதற்காக, எஞ்சினுக்கு முன்னால் ஒரு தட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் செய்தார். அதில் மணலைப் பரப்பி அதன்மேல் பைன் கட்டைகளை எரித்தார்கள். பிறகு பரவளைய ஆடியின் முன் வைத்த எண்ணெய் விளக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கார்பன் ஆர்க் விளக்கு வந்தது. நீராவியில் ஓடும் சிறு டர்போ ஜெனரேட்டரை எஞ்சின் தலையிலேயே வைத்து 32 வோல்ட் மின்சாரம் எடுத்தார்கள். சிகாகோவின் பைல்-நேஷனல் நிறுவனம் இதில் பேர்போனது. ஆர்க் விளக்கு மிகப் பிரகாசமானதுதான், ஆனால் கார்பன் குச்சி தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். எதிரே வருபவரின் கண்ணையும் கூசவைக்கும். டங்ஸ்டன் பல்பு வந்ததும் அது ஒதுங்கியது.

1930களில் சிக்கலின் தன்மையே மாறியது. சாலையில் கார்கள் பெருகின. பயணிகள் ரயில்கள் மணிக்கு 100 மைல் வரை பாய்ந்தன. நேராக எரியும் ஒற்றை விளக்கு, தூரத்தில் வீட்டு விளக்கா, தெருவிளக்கா, ரயிலா என்று தெரியாமல் கரைந்துபோகும். மனிதக் கண்ணின் ஓரப்பார்வைக்கு நிலையான ஒளியை விட அசையும் ஒளி எளிதில் தட்டுப்படும். அதனால் ஒளிக்கற்றையையே ஆட்டிவைக்கும் யோசனை வந்தது. 1930களின் நடுவில் இருந்து மார்ஸ் லைட் எஞ்சின்களில் ஏறியது. இதே மார்ஸ் விளக்கு அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளிலும் இருந்தது.

இ7 மூக்கில் பெரும்பாலும் மேலே உள்ள பெரிய கூட்டில் அசையும் விளக்கும், கீழே மூக்குக் கதவில் நிலையான ஹெட்லைட்டும் இருக்கும். ஆனால் இது ரயில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலவற்றில் ஒரே ஒரு விளக்குதான். நீங்கள் செய்யும் எண்ணுள்ள எஞ்சினின் படத்தைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். நின்றிருக்கும் எஞ்சினின் படத்திலேயே கண்டுபிடிக்கலாம்: விளக்கின் முகம் நேரே பார்க்காமல் சற்றே மேலோ பக்கவாட்டிலோ திரும்பி நின்றால் அது அசையும் விளக்கு. அதை ஆட்டும் மோட்டார் நின்ற இடத்தில், பல்பைத் தாங்கும் தட்டும் நின்றுவிடும்.

பக்கவாட்டுச் சிறு விளக்குகள் எச்சரிக்கைக்கானவை அல்ல. அவை வகைப்பாட்டு விளக்குகள். வெள்ளை எரிந்தால் அது கால அட்டவணையில் இல்லாத கூடுதல் வண்டி. பச்சை எரிந்தால் அதே அட்டவணையில் பின்னால் இன்னொரு பகுதி வண்டி வருகிறது. வழக்கமான அட்டவணை வண்டிக்கு இரண்டும் அணைந்திருக்கும். பயணிகள் எஞ்சின் என்பதால் அணைத்தே வைப்பதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பதில் 2: எட்டுக்கோடு

அசைவின் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாதிரி எஞ்சின்களில் இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது.

மார்ஸ் லைட்டில் மோட்டாரும் நெம்புகோல்களும் சேர்ந்து விளக்குத் தட்டை ஆட்டி, ஒளிக்கற்றையை 8 வடிவத்தில் இழுக்கும். பைல்-நேஷனலின் ஜைராலைட் அதற்குப் போட்டியாக வந்தது. அதில் தட்டு சாய்ந்து சுழலும்; கற்றை ஒரு கூம்பைப் போல வட்டமடிக்கும்.

தண்டவாளத்தின் நடுக்கோட்டில் நின்று பார்ப்பவரை எண்ணிப் பாருங்கள். 8 என்ற வடிவம் ஒரு சுற்றில் இரண்டு முறை நடுப்புள்ளியைக் கடக்கிறது. ஆகவே அவருக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு பளிச் தெரியும். வட்டம் நடுப்புள்ளியைத் தொடுவதே இல்லை. எப்போதும் ஒரே தூரத்தில் சுற்றுகிறது. ஆகவே மிகச்சரியாக நடுவில் நிற்பவருக்கு ஜைராலைட்டின் ஏற்ற இறக்கம் குறைவு. பக்கவாட்டில், அதாவது சாலையில் வருபவர் இருக்கும் இடத்தில், ஒரு சுற்றுக்கு ஒரு பளிச் என்று தெளிவாகத் தெரியும். நமக்கு வேண்டிய பார்வையாளரும் அவர்தான்.

டிகோடரில் மார்ஸ் விளைவுக்கு இரட்டைத் துடிப்பும் ஜைராலைட்டுக்கு ஒற்றைத் துடிப்பும் வருகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் ஒளி முழுவதுமாக அணையக் கூடாது. உண்மையில் பல்பு தொடர்ந்து எரிந்துகொண்டே இருக்கிறது, கற்றைதான் நம்மை விட்டு விலகிப் போகிறது. குறைந்த வெளிச்சத்துக்கான அமைப்பு உங்கள் டிகோடரில் இருந்தால் அதைச் சுழியத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பளிச்சென்று ஏறி, மெல்லத் தணிந்து, மங்கலாக நின்று, மறுபடி ஏற வேண்டும். ஸ்ட்ரோப் மட்டும்தான் இருட்டிலிருந்து நொடிப்பொழுதில் வெட்டி மறையும்.

இந்த விளக்குகள் ஏன் மறைந்தன என்று அடுத்துக் கேட்பீர்கள். காரணம் பராமரிப்பு. தட்டு ஓயாமல் ஆடுவதால் பல்புக்குப் போகும் வயர் ஒரே இடத்தில் வளைந்து வளைந்து உள்ளே இழை இழையாக அறும். வெளியே உறை நன்றாக இருக்கும். விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும். மோட்டாரில் பிரஷ் தேயும், மூட்டுகளில் கிரீஸ் காய்ந்து இறுகும். மோட்டார் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கற்றை வானத்தையோ வயலையோ பார்த்தபடி நின்றுவிடும். வண்டிக்குள் இருப்பவருக்கு விளக்கு எரிவதாகவே தோன்றும்.

கூரையில் வைத்த ஆம்பர் சுழல்விளக்குக்கும் ஏறக்குறைய இதே கதிதான். செனான் ஸ்ட்ரோப்பில் அசையும் பாகமே இல்லை, ஆனால் வேறு குறை உண்டு. மின்னல் நேரம் மிகக் குறுகியது. இரண்டு மின்னல்களுக்கு இடையே கண்ணுக்குப் பிடிமானம் இல்லாததால் ரயில் இருக்கிறது என்று தெரியும். எங்கே, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்க முடியாது. பனிமூட்டத்தில் ஒளி திரும்பி ஓட்டுநர் கண்ணிலேயே அடிக்கும்.

பதில் 3: எழுபத்துநாலுவோல்ட்

டிச் லைட் பற்றி. 'டிச்' என்றால் பாதையோர வடிகால் பள்ளம். மலைப்பாதை வளைவுகளில் ஹெட்லைட் நேராக வெளியே பாய்ந்துவிடும். பாதையோரம் சரிந்து கிடக்கும் பாறை தெரியாது. அதைப் பார்ப்பதற்காகக் கனடாவில் தாழ்வாக இரண்டு விளக்குகளைச் சற்றே வெளிப்புறமாகத் திருப்பி வைத்தார்கள். ஓட்டுநர் பார்ப்பதற்காக வந்த விளக்கு, சாலையில் வருபவருக்கும் ரயிலை நன்றாகக் காட்டுகிறது என்பது பிறகு தெரிந்தது.

ஏன் நன்றாகக் காட்டுகிறது என்பதைக் கணக்கால் பார்க்கலாம். மணிக்கு 60 மைல் என்றால் நொடிக்கு சுமார் 26.8 மீட்டர். கிராசிங்கை அடைய 20 நொடி இருக்கும்போது ரயில் 536 மீட்டர் தூரத்தில் இருக்கும். ஹெட்லைட்டின் இரண்டு பல்புகள் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்தில் அவை கண்ணில் உண்டாக்கும் கோணம் 1.3 கலைதான் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). அது ஒரே புள்ளியாகத் தெரியும். புள்ளி பெரிதாவது தெரியாது. ஆகவே வேகமும் தெரியாது. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் உள்ள டிச் லைட்டுகள் அதே தூரத்தில் சுமார் 9.6 கலை. இரண்டும் தனித்தனியாகத் தெரியும். 5 நொடி மிச்சமிருக்கும்போது, 134 மீட்டரில், அந்த இடைவெளி நான்கு மடங்காக விரிந்திருக்கும். ஹெட்லைட்டோடு சேர்ந்த முக்கோணம் விரிவதைக் கண்டுதான் மனிதர் 'இது நெருங்குகிறது' என்று உணர்கிறார்.

பெரிய உடல் கொண்ட பொருள் உண்மையான வேகத்தை விட மெதுவாக வருவதுபோலத் தோன்றும் என்று உளவியலாளர் ஹெர்ஷல் லெய்போவிட்ஸ் 1985இல் கிராசிங் விபத்துகளை வைத்து எழுதினார். அதனால் இந்த விரிவு கண்ணில் படுவது அழகுக்கான விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

அமெரிக்கக் கூட்டாட்சி ரயில் நிர்வாகத்தின் விதி 1996இல் இறுதியாகி, 1997 டிசம்பர் 31 முதல் கட்டாயமானது. பொதுச்சாலைக் கிராசிங்குகளின் வழியே மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓடும் ரயிலின் முன்னணி எஞ்சினில், ஹெட்லைட்டோடு முக்கோணம் அமையும்படி இரண்டு வெள்ளைத் துணை விளக்குகள் (டிச் லைட்டுகள்தான் இவை) இருக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 36 அங்குல உயரம். ஹெட்லைட்டுக்கும் இவற்றுக்கும் செங்குத்து இடைவெளி 60 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், இரண்டு துணை விளக்குகளுக்கும் நடுவே பக்கவாட்டில் குறைந்தது 36 அங்குலம் போதும். செங்குத்து இடைவெளி அதைவிடக் குறைந்தால் பக்கவாட்டில் குறைந்தது 60 அங்குலம் வேண்டும். முக்கோணம் ஏதாவது ஒரு பக்கமாவது நீண்டிருக்க வேண்டும் என்பதுதான் உட்கருத்து. எச்.ஓ. அளவுக்கு 36 அங்குலம் என்பது 10.5 மி.மீ., 60 அங்குலம் என்பது 17.5 மி.மீ. விளக்கைத் திருப்புவதற்கு நடுக்கோட்டிலிருந்து 15 பாகை வரை இடமுண்டு.

மின்னுவது கட்டாயமில்லை. நிலையாக எரியலாம், அல்லது கிராசிங்கை நெருங்கும்போது மாறி மாறி மின்னலாம். மின்னினால் நிமிடத்துக்கு 40க்குக் குறையாமல், 180க்கு மேற்படாமல். மின்னும் எஞ்சின்களில் வழக்கமாக ஹாரனோடு இணைத்திருப்பார்கள்: ஹாரன் அடித்ததும் தொடங்கி, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக நிலையான ஒளிக்குத் திரும்பும். கிராசிங்கை அடைவதற்கு 15 முதல் 20 நொடி முன்பு ஹாரன் தொடங்க வேண்டும் என்பது தனி விதி. ஆகவே உங்கள் டிகோடரில் டிச் லைட் மின்னலை ஹாரன் பொத்தானோடு சேருங்கள். ஓடும் நேரம் முழுக்க மின்னவிட்டால் பார்க்கத் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பெரிய எஞ்சினில் வயரிங் எப்படி என்று அறிந்தால் மாதிரியின் நடத்தையும் சரியாக வரும். எஞ்சின் மின்கலம் 74 வோல்ட். வழக்கமான பல்பு பார்-56 வகை, 30 வோல்ட், 200 வாட், ஓட்டம் 6.67 ஆம்பியர். குறைந்த வோல்ட் பல்பு ஏன் என்றால், அதன் இழை தடித்தது. எஞ்சின் அதிர்வைத் தாங்கும். ஒரு பல்பைத் தனியாக 74 வோல்ட்டில் இணைத்தால் மிச்ச 44 வோல்ட்டை 6.6 ஓம் மின்தடையில் இறக்க வேண்டும். அதில் மட்டும் சுமார் 290 வாட் வெப்பமாகப் போகும், பல்பு எடுப்பதை விட அதிகம். இரண்டைத் தொடராக இணைத்தால் 14 வோல்ட்டை இறக்கினால் போதும், 2.1 ஓம், 93 வாட். ஆனால் ஒன்று போனால் இரண்டும் இருட்டு. 75 வோல்ட், 350 வாட் பல்பை மின்தடை இல்லாமலே நேரடியாக இணைக்கலாம். இழை மெல்லியது என்பதால் அதிர்வில் சீக்கிரம் அறும். மின்தடையைச் சூடு தாங்கும் இடத்தில் காற்றோட்டத்தோடு வைக்காவிட்டால் பக்கத்து வயர்களின் உறை காய்ந்து வெடிக்கும். பல்பு அடிக்கடி போகிறது என்று புகார் வந்தால் பல்பை மாற்றுவதற்கு முன் மின்தடையின் ஓம் மதிப்பையும் அதன் முனைத் திருகுகளையும் பார்ப்பது நல்லது.

கேள்வியாளர்: இருப்புப்பாதை87

மிக்க நன்றி. இ7 படங்களை மறுபடி பார்த்தேன். மேல்விளக்கின் முகம் சாய்ந்துதான் இருக்கிறது. இரண்டு சந்தேகம் மிச்சம். சிவப்பு விளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டிச் லைட்டில் ஒன்று போய்விட்டால் எஞ்சினை ஓட்டலாமா?

பதில் 4: பிரேக்குழாய்

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: துணை விளக்குகளில் ஒன்று மட்டும் போனால் வழியில் நிற்க வேண்டியதில்லை, அடுத்த தொடக்கநிலைச் சோதனை (வண்டி பயணத்தைத் தொடங்கும் முன் செய்யும் சோதனை) நடக்கும் இடத்திலிருந்து புறப்படும் முன் சரிசெய்ய வேண்டும், அல்லது அந்த எஞ்சினைப் பின்னால் மாற்ற வேண்டும். இரண்டும் போனால், பழுதுபார்க்கக்கூடிய அடுத்த இடம் வரை மட்டும்.

இனி சிவப்பு. இது சாலைக்காரருக்கு அல்ல, இன்னொரு ரயிலுக்கு. ஓடும் வண்டியில் அவசர பிரேக் விழுந்தால் காரணம் தெரியாது. குழாய் அறுந்திருக்கலாம், பெட்டி தடம்புரண்டு பக்கத்துப் பாதையில் சாய்ந்திருக்கலாம். எதிரே பக்கத்துப் பாதையில் இன்னொரு வண்டி வந்தால் அதன் ஓட்டுநருக்கு இது தெரிய வழியில்லை. அதற்குத்தான் முன்பக்கத்தில் ஆடும் சிவப்பு ஒளி. சில எஞ்சின்களில் இதற்குத் தனி விளக்கு இருக்கும். சிலவற்றில் ஒரே விளக்கில் வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பு வரும். பிரேக் குழாயின் காற்றழுத்தம் திடீரென்று இறங்கியதும் தானாக எரியும்படியும் இணைத்திருந்தார்கள். அதைக் கண்ட எதிர்வண்டி நின்று, பாதை சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டே நகர வேண்டும்.

ஆகவே மாதிரி எஞ்சினில் சிவப்பையும் வெள்ளை மார்ஸையும் சேர்த்து ஓடும்போது எரியவிடாதீர்கள். ஓடும்போது வெள்ளை மட்டும். வண்டி அவசரமாக நின்றால் சிவப்பு.

உங்கள் ஒப்பீடு இந்த இடத்தில் சரி. இந்திய ரயில்வேயின் ஆம்பர் ஃப்ளாஷரும் அந்த நோக்கத்துக்கானதே. இரட்டைப் பாதையில் நிலையங்களுக்கு நடுவே வண்டி எதிர்பாராமல் நின்றால் லோகோ பைலட் முதலில் செய்வது ஃப்ளாஷரைப் போடுவது. எதிரே வரும் லோகோ பைலட் அதைக் கண்டால் வண்டியை நிறுத்தி, தன் பாதையில் தடை உண்டா என்று பார்த்த பிறகே எச்சரிக்கையோடு செல்ல வேண்டும். அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டோ வண்டி பிரிந்தோ பிரேக் குழாயில் காற்று கசிந்தால் தானாகவே மின்னத் தொடங்கும் ஆட்டோ ஃப்ளாஷர் அமைப்பும் உண்டு.

ஃப்ளாஷரோடு வேலை முடிந்துவிடாது. பக்கத்துப் பாதை தடைபட்டிருந்தால் அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும் (தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடி), 1200 மீட்டரில் சுமார் 10 மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைக்க வேண்டும். விளக்கு மட்டும் போதாதா என்றால், வளைவும் மழையும் மூடுபனியும் விளக்கை மறைக்கும்; டெட்டனேட்டர் சக்கரத்தின் அடியில் வெடிப்பது எப்படியும் கேட்கும். ஆட்கள் அந்த 1200 மீட்டரை நடந்து முடிக்கும் வரையிலான இடைவெளியைத்தான் ஃப்ளாஷர் காக்கிறது.

முன்பக்கச் சிவப்பு விளக்கு இந்தியாவில் வேறு பொருளிலும் வரும். நிலையத்திலும் யார்டிலும் ஷண்டிங் (பெட்டிகளை இடம்மாற்றிக் கோக்கும் வேலை) மட்டும் செய்யும் எஞ்சினுக்கு இரவில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு சிவப்பு மார்க்கர் விளக்குகள். பாதையில் ஓடும் வண்டிக்கு முன்பக்கம் இரண்டு வெள்ளை மார்க்கர். அமெரிக்க மாதிரியைப் பார்த்துப் பழகியவர்கள் ஷண்டிங் எஞ்சினின் சிவப்பைக் கண்டு அபாயம் என்று எண்ணிவிடக் கூடாது.

பதில் 5: ஈயப்பற்று

வயரிங்கை மட்டும் சேர்த்துவிடுகிறேன். டிகோடர் வயர்களின் நிறம் பொதுத் தரப்படி: நீலம் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான நேர்முனை, வெள்ளை முன் ஹெட்லைட், மஞ்சள் பின் ஹெட்லைட், பச்சை முதல் துணைச் செயல், ஊதா இரண்டாவது.

இ7: வெள்ளையைக் கீழ்க் கதவு விளக்குக்கும், பச்சையை மேல்விளக்குக்கும் கொடுத்து அதில் மார்ஸ் விளைவைப் போடுங்கள். நீங்கள் எடுத்திருக்கும் எண்ணில் சிவப்பு உண்டு என்று படத்தில் உறுதியானால் மட்டும் ஊதா அதற்கு. புதிய எஞ்சின்: வெள்ளை ஹெட்லைட்டுக்கு, பச்சையும் ஊதாவும் இடது வலது டிச் லைட்டுக்கு. இரண்டையும் ஒரே வயரில் இணைத்துவிட்டால் மாறி மாறி மின்னவே மின்னாது; பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடை வேண்டும். டிகோடரிலிருந்து 13 வோல்ட் வருவதாக வைத்துக்கொண்டால், வெள்ளை எல்.இ.டி. 3 வோல்ட் எடுக்கும்; 1 கிலோ ஓமில் 10 மில்லி ஆம்பியர் ஓடும். அதுவே மூக்குக்குள் கூசும். 2.2 கிலோ ஓம் போட்டால் சுமார் 4.5 மில்லி ஆம்பியர். கண்ணுக்கு இதமாக இருக்கும். இரண்டு விளக்குக்கும் ஒரே மின்தடை வைத்தால் ஒன்று எரியும்போது ஒரு வெளிச்சம், இரண்டும் எரியும்போது வேறு வெளிச்சம் என்று தடுமாறும்.

நிறத்தில் வெதுவெள்ளை எடுங்கள். நீலம் கலந்த வெள்ளை 1940களின் இழை விளக்குக்குப் பொருந்தாது. மின்னும்போது மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அமைப்பையும் போடுங்கள். 200 வாட் தடித்த இழை மின்சாரம் நின்ற கணத்தில் கருத்துவிடாது; சிவந்து தணிவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். எல்.இ.டி. விளக்குள்ள மிகப் புதிய எஞ்சினைச் செய்வதாக இருந்தால் மட்டும் சட்டென்று வெட்டும்படி விடலாம். அந்தப் பெரிய எல்.இ.டி. விளக்குகளிலும் ஒரு குறை உண்டு: பழைய பல்பின் சூடு கண்ணாடியில் ஒட்டிய பனியை உருக்கிவிடும், எல்.இ.டி.யின் முகம் குளிர்ந்தே இருப்பதால் பனி அப்பி மறைத்துவிடும். குளிர்நாடுகளில் அதற்கென்றே சூடேற்றும் இழை வைத்த கண்ணாடி வேண்டியிருக்கிறது.

பொருத்தியதும் மூக்கின் உட்புறத்தைக் கருப்பு பெயின்ட் இரண்டு பூச்சு அடியுங்கள். இல்லாவிட்டால் மேல்விளக்கின் ஒளி எண்பலகை, வகைப்பாட்டு விளக்கு என்று எல்லா ஓட்டையிலும் கசிந்து, எல்லாமே மார்ஸ் லைட்டோடு சேர்ந்து துடிக்கும்.